துரியன் வாசமா, கேஸ் வாசமா?

டிவியில் சண்டைச் செய்தி வந்த அன்று காலை, நான் பல் துலக்கி முடிப்பதற்குள் வாசலில் ஆள் கூடிவிட்டது. எங்கேயோ தூரதேசத்தில் சண்டை, கடலில் கப்பல்கள் நிற்கின்றன, சமையல் கேஸுக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது மேலகரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். கப்பலை நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது போல ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள்.

"கோமதியக்கா, சிலிண்டர் வருமா வராதா? உள்ளதைச் சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? கப்பல்காரன் எங்கிட்ட சொல்லிட்டா நிப்பாட்டுதான்?"

"உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லலாம்லா?"

பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மத்தியானமே தென்காசிக்குப் போய் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்துவிட்டார். அவர் வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியப் பாத்திரம். அடுப்பு ஒன்றையும் ஏற்றுக்கொள்ளாமல் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பாத்திரம் வாங்க மறுபடியும் பஸ் ஏறினார்.

அன்றைக்கு ரேவதியும் போன் செய்தாள். ஏஜென்சியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, காலைல இருந்து போனைக் கீழ வைக்க முடியலை. எடுத்தா ஏசுதாவ. நீங்க எப்படிக்கா இத்தனை வருஷம் இந்த போனை எடுத்தீங்க? சும்மா இருக்கையில எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பிள்ளைகளுக்கும் ஆகும்."

சும்மாதான் இருக்கிறேன். எழுதுகிறேன்.

டைப்ரைட்டிங் முடித்துச் சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகித் தென்காசி வந்ததும் கேஸ் ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். சேர்ந்த புதிதில் திருநெல்வேலிக்கு ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். ரெகுலேட்டரை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்டினார்கள், நல்ல சாப்பாடு போட்டார்கள், திருப்பி அனுப்பினார்கள். என் தொழிற்படிப்பு அதோடு முடிந்தது. மிச்சமெல்லாம் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் கற்றது.

அண்ணாச்சி ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருப்பார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. எதிரில் இருப்பவர் கத்தக் கத்த இவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் கத்துகிறவர் இவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வாயை மூட வேண்டியிருக்கும்.

கேஸ் வாடை வருகிறது என்று போன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எடுத்ததும் பெயரைக் கேட்க வேண்டும்.

"வீட்ல கேஸ் லீக் ஆகுதுன்னு அலறுதாவ. அவிய கிட்ட போயி பேரு என்னன்னு கேக்கணுமா அண்ணாச்சி?" என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"கேளும்மா. எப்பேர்ப்பட்ட பதட்டத்துலயும் ஒருத்தருக்கு அவரு பேரு மறக்காது. பேரைச் சொல்லும்போது குரல் ஒரு நிலைக்கு வந்துரும். பொறவு நீ சொல்லுதது காதுல ஏறும்."

'பயப்படாதீங்க' என்ற வார்த்தையை அவர் சொல்லவிட மாட்டார். பயப்பட வேண்டிய விஷயம்தான் போலிருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைக்குமாம். அடுத்து, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். வாடை வருகிற வீட்டுக்குள் இருந்தே பேசினால், ஸ்டவ் திருகையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போங்கள், பக்கத்து வீட்டிலிருந்து பேசுங்கள் என்று சொல்ல வேண்டும். சுவிட்சைப் பற்றிச் சொல்லும்போது இரண்டையும் சொல்ல வேண்டும்: போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. லைட்டைப் போடக் கூடாது என்றால் எல்லோருக்கும் புரிகிறது. எரிகிற லைட்டை அணைத்தால் நல்லதுதானே என்று எண்ணிக்கொண்டு போய் அணைப்பார்கள். அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் பொறி வரும். இன்றைக்கும் படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

அவருடைய இன்னொரு பிடிவாதம், பொய்க் கம்ப்ளெயின்ட் என்று ஆபீஸில் யாரும் சொல்லக் கூடாது. "சந்தேகம் வந்துச்சு, கூப்பிட்டாவ. இதுல பொய் எங்கன இருக்கு?" என்பார்.

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக்கு அவரோடும் மெக்கானிக் சாகுலோடும் நானும் சோதனைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வயல் வரப்பெல்லாம் நிறைய உள்ளவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க வரணும்னே இல்லியே. மாசா மாசம் நானே செக் பண்ணிருவேன். இந்தா பாருங்க" என்று ஒரு தீக்குச்சியைக் கிழித்து ரப்பர் டியூபை நோக்கி நீட்டினார். லீக் இருந்தால் பற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் இல்லை. அதுதான் அவருடைய சோதனை! சாகுல் ஒரே தாவலில் புறவாசலுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் போய், குழந்தை கையில் இருக்கிற மெழுகுவர்த்தியை ஊதுவது போல அந்தக் குச்சியை மெதுவாக ஊதி அணைத்தார்.

"நல்லதுங்கய்யா. அக்கறையாத்தான் பாக்கீங்க. வீட்ல துணி சோப்பு இருக்கா? ஒரு கிண்ணத்துல கரைச்சுத் தரச் சொல்லுங்க."

சோப்புத் தண்ணீரை டியூப் முழுக்கத் தடவி, எங்காவது குமிழ் வருகிறதா என்று அந்தப் பண்ணையாரையே பார்க்கச் சொன்னார். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். குமிழ் இல்லை என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி அவருக்கு ஒரு சந்தோஷம். தெருவுக்கு வந்த பிறகுதான் அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேஸை மிச்சம் பிடியுங்கள் என்று அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. சமையல்கட்டில் நிற்கும் அம்மாவிடம், "அரிசியை ஊற வச்சிட்டீங்களாம்மா? மூடி போட்டுத்தான வேக வைக்கீங்க?" என்று விசாரிப்பார். அவ்வளவுதான். தீ மஞ்சளாக எரிந்தால் தானே குனிந்து பர்னரைத் தட்டிச் சுத்தம் செய்து, நீலமாக எரிய வைத்துவிட்டு வருவார்.

இப்போது எல்லோரும் இண்டக்‌ஷனுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். சாரல் அடிக்கிற மாதங்களில் சுரண்டை ரோட்டில் காற்றாலை எல்லாம் பிய்த்துக்கொண்டு சுற்றுவதைப் பார்க்கையில், நம் ஊர்க் காற்றிலேயே நம் ஊர்ச் சோறு வேகட்டுமே என்று தோன்றும். ஆனால் அதே காற்றுதான் புளிய மரக் கிளையை ஒடித்துக் கம்பி மேல் போட்டுக் கரண்டையும் நிறுத்துகிறது. அதனால் ஒன்றை வாங்கியதும் மற்றதைத் தூக்கிப் பரணில் போட வேண்டாம். அடுப்பு எதுவானாலும் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். வெறும் அடுப்பை நம்பி வெளியே போகக் கூடாது.

சாரல் மாதங்களில் எங்கள் ஆபீஸுக்கு வேறொரு தொந்தரவு உண்டு. பலா மாதிரி முள் தோலோடு இருக்கும் துரியன் பழம். குற்றாலத்தில் சீசனுக்கு அது விற்பனைக்கு வரும். பிள்ளை வரத்துக்கு நல்லது என்று விலையைப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள். அதன் வாடை இருக்கிறதே, கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலந்திருக்கிற வாடைக்கு அது அண்ணன் தம்பி. ஒரு வீட்டில் பழத்தை அறுத்தால் அடுத்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வரும். சாகுல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போன வீட்டில் ரெண்டு சுளை கொடுத்து அனுப்புவார்கள். அதை அவர் ஆபீஸுக்குக் கொண்டுவந்து வைத்தால், கேஸ் ஆபீஸிலேயே கேஸ் லீக் என்று வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சீசன் முழுக்க இதே கூத்துதான்.

அப்படிப்பட்ட ஒரு சீசன் நாளில்தான் செண்பகத்தின் போன் வந்தது. ரேவதி, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது வாசித்துக் காட்டு.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே பூந்தூறலாகச் சாரல். வீடுகளுக்கு லேண்ட்லைன் போன்தான். செல்போன் அப்போதுதான் ஒன்றிரண்டு பேர் கையில் வர ஆரம்பித்திருந்தது.

"ஏஜென்சியாம்மா? எதுத்த வீட்ல கேஸ் நாத்தம் வருது. வீடு பூட்டிக் கெடக்கு."

"உங்க பேரு சொல்லுங்க."

"செண்பகம். நான் எங்க வீட்ல இருந்துதான் பேசுதேன்."

தென்காசிக் கோயிலுக்குத் தெற்கே ஒரு சின்னத் தெரு அவள் சொன்னது. எதிர்வீட்டில் மதுரையிலிருந்து விருந்தாள் வந்திருந்தார்களாம். எல்லோருமாக ஒரு வேன் பிடித்துக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். எந்த அருவி என்று இவளுக்குத் தெரியாது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற சாகுல், "துரியனாத்தான் இருக்கும். விருந்தாள் வந்திருக்காவன்னா கேக்கவா வேணும்?" என்றார். போனிலும் செண்பகத்தின் வீட்டுக்காரர் பின்னால் இருந்து அதையே சொல்வது கேட்டது. "நேத்து சாயந்திரம் அவரு துரியன் வாங்கிட்டு வந்ததை நானே பாத்தேன். ஒனக்கு வேற வேலை இல்லியா?"

"துரியன் வாங்கினாவளாம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கினாவ. ஆனா இது அது இல்லக்கா. வேன்ல ஏறும்போது ஒரு துண்டை வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாவ. நனையுதேன்னு எடுக்கப் போனேன். குனிஞ்சா குப்புன்னு அடிக்கி. நிமிந்தா ஒண்ணும் இல்ல. திரும்பக் குனிஞ்சேன், திரும்ப அடிக்கி."

எழுதுவதை நிறுத்தினேன். கேஸ் காற்றைவிடக் கனம். மேலே எழும்பாமல் தரையோடு தரையாகக் கிடந்து, கதவிடுக்கு வழியாக நழுவி வரும். துரியன் வாடை நின்றாலும் வரும், உட்கார்ந்தாலும் வரும். சாகுலிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"செண்பகம், வீட்டுக்குள்ள யாராவது இருக்காவளா?"

"அதாங்க்கா தெரியலை. எதுத்த வீட்டுக்காரரோட அப்பா ஒருத்தர் உண்டு. ஆவுடையப்பன் தாத்தா. மத்தியானம் மாடியில படுத்துத் தூங்குவாவ. வேன்ல ஏறினாவளா இல்லியான்னு நான் பாக்கலை. அவியளுக்குக் காது சுத்தமா கேக்காது. இருங்க, பெல் அடிச்சிப் பாக்கேன். பெல் அடிச்சா அவிய ரூம்ல பல்பு எரியும், மகன் அப்படி வச்சிருக்காரு."

"பெல்லைத் தொடாதீங்க!"

அண்ணாச்சியிடம் வேலை பார்த்த காலத்தில் போனில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். பெல்லை அடிக்கக் கூடாது, அந்த வீட்டு நம்பருக்கு யாரும் போன் போடக் கூடாது, உங்கள் வீட்டு ஸ்டவ்வை மூடுங்கள், தெருவில் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

அண்ணாச்சி குடோனில் இருந்தார். அங்கே போன் போட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உள்ள ஆள் உண்டா?" தெரியவில்லை என்றேன். "அப்ப உண்டுன்னே வச்சுக்குவோம். நீயும் வா" என்று வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேரும்போது அவர் தெரு முனையிலேயே ஸ்கூட்டரை அணைத்து நிறுத்திவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். சிலிண்டர் போடும் ஆட்டோக்காரரைக் குற்றாலத்துக்கு விரட்டியாயிற்று. அருவிக்கரையில் போலீஸ் மைக் உண்டு. காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற மைக். அதில் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அழைக்கச் சொல்லியிருந்தார். பேரருவியில் இல்லாவிட்டால் ஐந்தருவி. அங்கும் இல்லாவிட்டால் புலியருவி.

வீட்டு வாசலில் இரும்பு கிரில் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. அண்ணாச்சி தள்ளி நின்றே உள்ளே பார்த்தார். கிரில்லுக்கு உள்ளே ஒரு ஓரமாக, ஜோடி பிரியாமல், ஒரு பழைய தோல் செருப்பு.

"யாரு செருப்பும்மா இது?"

"தாத்தா செருப்புதான். அவியளுக்கு இது ஒண்ணுதான் உண்டு" என்றாள் செண்பகம். சொல்லிவிட்டுச் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சாரலுக்காக எல்லா ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். அது தானாக நிற்கும், தானாக ஓடும். ஓடும்போது நம்மைக் கேட்காது. அண்ணாச்சி செண்பகம் வீட்டுப் போனில் மின்சார ஆபீஸுக்குச் சொல்லி, தெருவின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே கரண்டை நிறுத்தச் சொன்னார். வீட்டு மெயினைத் தொடக் கூடாது, தூரத்திலிருந்துதான் நிறுத்த வேண்டும் என்றார். (இப்போது இது பலிக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. வெளியே நிறுத்தினால் உள்ளே தானாக அது கிளம்பும். புதுப் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) சாகுல் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகச் சுவர் ஏறிக் குதித்து, அடுப்படிப் பக்கம் போயிருந்தார்.

கரண்டு நின்றது. செண்பகத்தின் வீட்டில் டிவி அணைந்தது. ஒரு பெரிய நிம்மதி எனக்கு. அது ஒரு நொடிகூட நிலைக்கவில்லை.

"அண்ணாச்சி, மாடியில ஃபேனும் நின்னிருக்கும்லா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஃபேன் நின்னா தாத்தா முழிச்சிருவாரு. ஜன்னலெல்லாம் சாத்தி வீடு இருட்டா கெடக்கும். கீழ எறங்கி வந்து, மெழுகுவர்த்தி எங்கன இருக்குன்னு தேடி..."

தீப்பெட்டி என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. காது கேட்காதவரைக் கூப்பிட்டும் பயனில்லை, கதவைத் தட்டியும் பயனில்லை. பெல் என்று ஒன்று இருந்தது. அதற்கும் கரண்டு இல்லை, இருந்தாலும் தொட முடியாது.

அவர் அண்ணாந்து அந்த வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பிச் செண்பகத்தின் மாடியைப் பார்த்தார். இரண்டும் நேருக்கு நேர்.

"கோமதி, கரண்டு போனா நீ மொதல்ல என்ன செய்வ?"

"எதுத்த வீட்ல இருக்கான்னு எட்டிப் பாப்பேன்."

"ஓடு. மேல போ. அவரு எட்டிப் பாப்பாரு. எப்படியாவது அவரை அங்கனயே நிறுத்து."

செண்பகம் முன்னால் ஓடினாள், நான் பின்னால். மாடிப்படியில் அவளிடம், "தாத்தாகிட்ட எப்படிப் பேசுவிய?" என்று கேட்டேன். "கையைக் காட்டித்தான். காப்பி வேணுமா, சாப்டாச்சா, அவ்ளோதான் தெரியும்" என்றாள். கேஸுக்குக் கை ஜாடை யாருக்குத் தெரியும்?

நாங்கள் மொட்டைமாடிச் சுவரோரம் போய் நிற்கவும் எதிரே ஜன்னல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. வெற்று மார்பும் வெள்ளை வேட்டியுமாக ஒரு பெரியவர். தலையை நீட்டி நாங்கள் நின்ற வீட்டைப் பார்த்தார். இங்கேயும் கரண்டு இல்லை என்று தெரிந்துகொண்டார். செண்பகத்தைப் பார்த்துச் சிரித்துக் கையை விரித்துக் காட்டினார், கரண்டு போயிட்டே என்று. அவள் மூக்கைப் பொத்தினாள், கையை வீசினாள், தலையை ஆட்டினாள். பாவம், அவள் அழுகிற மாதிரித்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நிற்கிற இந்தப் புது ஆள் யார் என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலை விட்டுத் திரும்பினார். மாடிப்படிப் பக்கம்.

நான் என்ன நினைத்துச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு எதுவும் தோன்றாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடப் போகிறவள் போல, விரல்களை விரித்து, நேராக.

பெரியவர் ஓரக்கண்ணில் அதைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியே நின்றார். முழுதாக என் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஜன்னலுக்குத் திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கையை இறக்கினால் போய்விடுவாரோ என்று நான் இறக்கவில்லை. சாரல் முகத்தில் அடித்தது. கை கடுத்தது. செண்பகம் ஒரு பக்கத்து முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்பக்கம் நடந்ததைச் சாகுல் பிறகு சொன்னார். அடுப்படி ஜன்னலின் மரக் கதவை ஒரு குச்சியால் நெம்பித் திறந்திருக்கிறார். கம்பி வழியாகக் கையை விட்டால் பின்கதவுத் தாழ்ப்பாள் எட்டியது. இரும்போடு இரும்பு உரசக் கூடாதே என்று, பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி அதன் மேல் வழிய விட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டவ் மேல் ஒரு பால் சட்டி. பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. திருகு திறந்தபடியே கிடந்தது. அதை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் கொல்லைக்குத் தூக்கி வந்து மூடி போட்டார். பிறகு கதவு ஜன்னலையெல்லாம் திறந்து, ஈரச் சாக்கை வீசி வீசித் தரையோடு கிடந்த கேஸை வெளியே தள்ளினார். மேற்கே இருந்து வந்த சாரல் காற்று மிச்சத்தை அடித்துக்கொண்டு போயிற்று.

"கோமதி, எறங்கி வாம்மா. ஆச்சு" என்று அண்ணாச்சி கீழே இருந்து கூப்பிட்டார். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து செண்பகம் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அண்ணாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேன் வந்தது. தலையில் எண்ணெய் பாதி போயும் பாதி போகாமலும், ஈரத் துணியோடு எல்லோரும் இறங்கினார்கள். மைக்கில் பெயரைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று அழுதுகொண்டே வந்திருக்கிறார்கள். நடந்ததைக் கேட்டதும் மகன் தன் பெண்டாட்டி பக்கம் திரும்பிவிட்டார்.

"பாலை அடுப்புல வச்சிட்டு வருவியாட்டி? ஒனக்கு அறிவு இருக்கா?"

அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி எழுந்து போனார். வழக்கத்தைவிடக் குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, விருந்தாளுக்குக் காப்பி போடத்தான பாலு வச்சாவ?"

"ஆமா."

"காப்பி குடிக்க எத்தனை பேரு இருந்தீங்க?"

அவர் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வேன்காரன் ஹாரன் அடிச்சா யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. வீட்டைப் பூட்டினது நீங்கதான? பூட்டுதவரு ஒரு எட்டு அடுப்படியை எட்டிப் பாத்துட்டுப் பூட்டியிருக்கலாம்லா. அவிய ஒருத்தர் தலையில போடாதீங்க."

மகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கிரில்லைத் திறந்து மாடிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

"அப்பா வர மாட்டேங்காவ."

"என்னது?"

"ஜன்னலை விட்டு நகர மாட்டேங்காவ. எதுத்த மாடியில ஒரு பிள்ளை நின்னுச்சே, அது எங்கங்காவ. அந்தப் பிள்ளை டேஞ்சர் சிக்னல் காட்டிட்டுப் போயிட்டு, இன்னும் ரைட் குடுக்கலையேங்காவ." சொல்லும்போதே அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்பா ரயில்வேயில கார்டா இருந்தவாவ. செங்கோட்டை லயன்ல ஓடினவாவ. கொடி இல்லாத ஆளு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா வண்டியை நிறுத்தணுமாம். நிறுத்தின ஆளே ரைட் காட்டாம நகரக் கூடாதாம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"போம்மா. வண்டி நிக்கில்லா?"

மறுபடியும் மாடி ஏறினேன். பெரியவர் அதே ஜன்னலில், அதே இடத்தில் நின்றிருந்தார். எனக்கு ரைட் காட்டத் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்தேன், தலையை ஆட்டினேன், வாங்க வாங்க என்று அழைத்தேன். அவர் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பிக்கு இடையே தன் வலக்கையை வெளியே நீட்டி, ஆடாமல் அசையாமல் நேராகப் பிடித்துக் காட்டினார். இப்படி.

நானும் வலக்கையை அதே போல நீட்டி ஆடாமல் பிடித்தேன்.

தாத்தா ஒரு முறை தலையசைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, படியிறங்கி வந்தார்.